போர்வெல் கன்ட்ரோலர்: 60 ஃபிளாக், ஒரே லூப். எந்த கம்ப்யூட்டேஷன் மாடலுக்கு மாற்றுவது?

காவேரிப்பட்டணம்_போர்டு

வணக்கம். மாந்தோப்புக்குச் சொட்டுநீர் விடும் போர்வெல் கன்ட்ரோலர் ஒன்றின் ஃபர்ம்வேரைத் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது. 12.5 எச்பி சப்மெர்சிபிள், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (ஸ்டார் இணைப்பில் குறைந்த இழுப்போடு கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றுவது). தண்ணீர் நன்றாக இருக்கும்போது லைனுக்கு சுமார் 22 ஆம்பியர். ஆறு சொலினாய்டு வால்வு, 24 வோல்ட் ஏசி, அவற்றுக்கு 20 விஏ ட்ரான்ஸ்ஃபார்மர். மூன்று ஃபேஸுக்கும் வோல்டேஜ் சென்சிங், மூன்று சிடி (ஆம்பியர் அளக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர்), யுஏஆர்டி சீரியல் இணைப்பில் ஒரு 4ஜி மோடம். சிப் எஸ்டிஎம்32எஃப்103: 72 மெகாஹெர்ட்ஸ், 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ராம்.

இப்போதிருக்கும் கோடு ஒரே லூப், உள்ளே 60 சொச்சம் ஃபிளாக் (ஆன்/ஆஃப் குறிக்கும் வேரியபிள்). நான்கு கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது.

மெசேஜ் அனுப்பிவிட்டு மோடம் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போர் வற்றினால், ட்ரிப் ஆக 40 வினாடி வரை ஆகிறது.

கரண்ட் ஒரு வினாடி போய்த் திரும்பியபோது ஸ்டார் ரிலே, டெல்டா ரிலே இரண்டும் சேர்ந்து ஆன் என்று லாகில் பதிவு. கான்டாக்டர்களுக்கு இன்டர்லாக் வயரிங் இருந்ததால் தப்பித்தது.

ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு மாறும்போது அரை வினாடி எல்லா வால்வும் மூடிய நிலை. பிவிசி ஜாயின்ட் கழன்றுவிட்டது.

லூப் கனமானால் ஆம்பியர் ரீடிங் 2, 3 ஆம்பியர் ஆடுகிறது. ஏடிசியை (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) லூப்புக்குள்ளேயே படிக்கிறது, அதனால் இருக்கலாம்.

ஸ்டேட்சார்ட், டேட்டாஃப்ளோ, பெட்ரி நெட், சிங்க்ரோனஸ் என்று படிக்கப் படிக்க பெயர்தான் கூடுகிறது. ஃப்ரீஆர்டிஓஎஸ் (சின்ன சிப்புகளுக்கான ஆர்டிஓஎஸ், அதாவது ரியல்-டைம் ஓஎஸ்) போட்டு ஆறு டாஸ்காகப் பிரித்து, பொது வேரியபிளுக்கு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் தொடவிடும் பூட்டு) வைத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை. இந்த அளவு வேலைக்கு எந்த மாடல் சரி? 20 கேபி ராமில் அடங்குமா?

ஓசூர்_ஃபர்ம்வேர்

ஆர்டிஓஎஸ்ஸை முதலில் தள்ளி வையுங்கள். எந்த டாஸ்குக்கு எப்போது சிபியு கிடைக்கும் என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கும். நீங்கள் கேட்பது வேறு: ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு எந்த விதிப்படி பேசுகிறது, நேரம் எப்படி நகர்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு நடந்தால் எது முதலில். அந்த விதித் தொகுப்புக்குப் பெயர்தான் கம்ப்யூட்டேஷன் மாடல். பொது வேரியபிளும் மியூடெக்ஸும் கூட ஒரு மாடல்தான், ஆனால் இருப்பதிலேயே கணிக்க முடியாத மாடல். உங்கள் 60 ஃபிளாக் அப்படியே இருக்கும், அவற்றை ஆறு பேர் ஆறு நேரத்தில் மாற்றுவார்கள். டாஸ்குக்கு 1 கேபி ஸ்டாக் என்று வைத்தாலே 6 கேபி போய்விடும்.

ஒரே மாடலை முழு போர்டுக்கும் போர்த்த வேண்டாம். உங்கள் நான்கு கோளாறும் நான்கு வேறு இயல்புள்ள வேலைகளிலிருந்து வருகின்றன. நான் அளவீட்டுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மோட்டார் லாஜிக்கை அரூர்க்காரர் நன்றாகச் சொல்வார்.

அளவீடு என்பது சீரான ஓட்டம். இவ்வளவு சாம்பிள் உள்ளே போனால் இவ்வளவு எண் வெளியே வரும், அந்த விகிதம் மாறவே மாறாது. இதற்கென்றே இருப்பது சிங்க்ரோனஸ் டேட்டாஃப்ளோ. எட்வர்ட் லீயும் டேவிட் மெஸ்ஸர்ஷ்மிட்டும் 1987இல் முறைப்படுத்தியது. ஒவ்வொரு பெட்டியும் (ஒரு கணக்குப் படி) ஒரு முறை ஓடும்போது எத்தனை டோக்கன் (டேட்டாத் துண்டு) தின்னும், எத்தனை தரும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், எந்த வரிசையில் ஓட்டுவது, எவ்வளவு பஃபர் வேண்டும் இரண்டும் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

உங்களுக்கு இப்படி வைக்கலாம். 1600 ஹெர்ட்ஸில் சாம்பிள், அதாவது 50 ஹெர்ட்ஸின் ஒரு சைக்கிளுக்கு 32. ஆர்எம்எஸ் (ஏசியின் பயனுறு மதிப்பு) பெட்டி 32 தின்று 1 தரும். சராசரிப் பெட்டி 10 தின்று 1 தரும். சமன்பாட்டைப் போட்டால் ஏடிசி 320 முறை, ஆர்எம்எஸ் 10 முறை, சராசரி 1 முறை ஓடினால் ஒரு சுற்று. அது 200 மில்லிசெகண்ட்.

பஃபரில்தான் சூட்சுமம். முதலில் 320 சாம்பிளையும் சேர்த்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுகிற வரிசை என்றால், 6 சேனல், சாம்பிளுக்கு 2 பைட், மொத்தம் 3840 பைட். 32 வந்ததும் ஆர்எம்எஸ் ஓட்டு, இதைப் பத்துத் தடவை செய், பிறகு சராசரி என்று வரிசையை மாற்றினால் 384 பைட் போதும். விடை ஒன்றேதான், ராம் பத்தில் ஒரு பங்கு. நிரம்பும்போதே படிப்பதைத் தவிர்க்க இரட்டைப் பஃபர் வைத்தாலும் 768 பைட்.

சிப்பில் செய்ய: டைமர் 3இன் ட்ரிகர் வெளியீட்டால் ஏடிசி 1ஐத் தட்டுங்கள், 6 சேனல் ஸ்கேன், சர்க்குலர் டிஎம்ஏ (சிபியு தலையிடாமல் பஃபரைச் சுற்றிச் சுற்றி நிரப்புவது). பஃபர் 384 சாம்பிள். பாதி நிரம்பியதும் ஒரு இன்டரப்ட், முழுதும் நிரம்பியதும் ஒன்று. சரியாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை உங்களுக்கு ஒரு முழு சைக்கிள் கையில் வரும். ஏடிசி கிளாக் 12 மெகாஹெர்ட்ஸ், சாம்பிள் நேரம் 28.5 கிளாக் என்றால் சேனலுக்கு 41 கிளாக், ஏறத்தாழ 3.4 மைக்ரோசெகண்ட். அடுத்தடுத்த சேனலுக்கு இடையே வரும் கோண வித்தியாசம் 0.06 டிகிரி, கண்டுகொள்ள வேண்டாம். லூப் எவ்வளவு கனமானாலும் சாம்பிள் எடுக்கும் கணம் நகராது. உங்கள் ஆம்பியர் ஆட்டம் இதோடு போகும்.

ஆஃப்செட் கழித்த சாம்பிளை வர்க்கம் எடுத்து 32 கூட்டினாலும் 27, 28 பிட்தான் வரும், 32 பிட் கூட்டல் தாராளம். வர்க்கமூலம் வேண்டாம். இந்தச் சிப்பில் மிதவைப் புள்ளி வன்பொருள் கிடையாது. ட்ரிப் எல்லையை வர்க்கப்படுத்தி வைத்துக்கொண்டு வர்க்கத்தோடு ஒப்பிடுங்கள். அதே சுற்றில் வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கிக் கூட்டினால் உண்மையான பவர் கிடைக்கும். வறண்ட ஓட்டத்தைப் பிடிக்க ஆம்பியரைவிடப் பவர் நல்லது. லோடு இல்லாத சப்மெர்சிபிளும் காந்தப்புலத்துக்கென்று ஒரு கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் ஆம்பியர் கொஞ்சம்தான் குறையும், பவர் நன்றாக விழும். வழக்கமான பவரில் 60–65 சதவீதத்துக்குக் கீழே 5 வினாடி என்று தொடங்கி, போருக்குப் போர் திருத்திக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு_ரிலே

மேலே சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. ஃபேஸ் போச்சானு வோல்டேஜை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஓடிட்டிருக்கிற மோட்டார்ல ஒரு ஃபேஸ் போனா, மோட்டாரே அந்த லைன்ல வோல்டேஜைத் திருப்பிக் குடுக்கும். மீட்டர்ல மூணு ஃபேஸும் இருக்கிற மாதிரியே தெரியும், உள்ள வைண்டிங் வெந்துட்டிருக்கும். கரண்ட் ஏற்றத்தாழ்வுதான் உண்மையைச் சொல்லும். நம்ம பக்கம் ரெண்டு ஃபேஸ்ல கெபாசிட்டர் போட்டு ஓட்டுற பழக்கமும் இருக்கு, அங்க இந்த ட்ரிப் சும்மா சும்மா அடிக்கும். அதுக்கு சாஃப்ட்வேர்ல வழி தேடாதீங்க.

ஸ்டார்-டெல்டா இன்டர்லாக் வயர்ல இருக்குன்னீங்க, நல்லது. ஸ்டார் கான்டாக்டரோட என்சி (காயிலுக்குக் கரண்ட் இல்லாதப்ப மூடியிருக்கிற கான்டாக்ட்) வழியாத்தான் டெல்டா காயிலுக்குப் போகணும், டெல்டாவோட என்சி வழியா ஸ்டாருக்கு. எந்த மாடல் போட்டாலும் அந்த ரெண்டு வயரைக் கழட்டாதீங்க.

அரூர்_ஆட்டோமேட்டா

மோட்டார் பகுதிக்கு ஸ்டேட் மெஷின். இதில் சந்தேகமே இல்லை, எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம்.

ஸ்டார் ரிலே, டெல்டா ரிலே இரண்டும் சேர்ந்து ஆன் ஆனதற்குக் காரணம், இரண்டுக்கும் தனித்தனி ஃபிளாக் இருப்பது. இரண்டு ஃபிளாக் என்றாலே நான்கு சேர்க்கை. அதில் ஒன்று ஷார்ட் சர்க்யூட். ரிலேயை ஃபிளாக்கால் இயக்காதீர்கள். நிலை ஒரே ஒரு எண். ரிலே அந்த எண்ணிலிருந்து ஒரு அட்டவணை வழியாக வரட்டும்: நிலை ஸ்டார் என்றால் மெயின் 1, ஸ்டார் 1, டெல்டா 0. அட்டவணையில் இரண்டும் 1 என்று ஒரு வரியே இல்லாவிட்டால் அது கோடில் நடக்க வழியில்லை.

நிலைகள்: மின்சாரம் இல்லை, காத்திரு, தயார், ஸ்டார், இடைவெளி, டெல்டா, ட்ரிப், வறட்சி ஓய்வு. எட்டு. 'இடைவெளி'யைச் சிலர் விட்டுவிடுவார்கள். ஸ்டார் கான்டாக்டர் விழுந்து ஆர்க் அணைய 50 முதல் 100 மில்லிசெகண்ட் கொடுக்க வேண்டும், அதை ஒரு நிலையாகவே வையுங்கள், டிலே போடாதீர்கள். சப்மெர்சிபிள் சீக்கிரம் வேகம் பிடிக்கும், ஸ்டாரில் 3 வினாடிக்கு மேல் நிறுத்த வேண்டியதில்லை. 'காத்திரு' நிலைக்கு 30 முதல் 180 வினாடிக்குள், போர்டின் சீரியல் எண்ணை வைத்து ஆளுக்கொரு நேரம். இல்லாவிட்டால் த்ரீ ஃபேஸ் வந்ததும் அதே ட்ரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற அத்தனை ஆட்டோ ஸ்டார்ட்டரும் ஒன்றாக இழுத்து வோல்டேஜைக் கீழே தள்ளும்.

இதைத் தட்டையாக எழுதினால் 'கரண்ட் போச்சு' என்ற அம்பை ஏழு நிலையிலிருந்தும் தனித்தனியாக வரைய வேண்டும். ஒன்றை மறந்தாலும் பழைய கோளாறு திரும்பும். டேவிட் ஹாரெல் 1987இல் கொடுத்த ஸ்டேட்சார்ட் இதற்குத்தான். 'மின்சாரம் உண்டு' என்று ஒரு பெரிய பெட்டி, அதற்குள் மற்ற ஏழு. பெரிய பெட்டியின் விளிம்பிலிருந்து ஒரே அம்பு வெளியே. கோடில் என்றால், உள் நிலையின் சுவிட்சுக்குள் நுழையும் முன்பே வெளிநிலையைச் சோதிக்கிற இரண்டு வரி.

அடுத்தது இணைப் பகுதிகள். மோட்டாருக்கு 8 நிலை, வால்வுக்கு 7 (ஆறும் 'எதுவும் இல்லை'யும்), மோடத்துக்கு ஒரு 6. ஒரே மெஷினாகப் பிணைத்தால் 336 நிலை. பக்கத்தில் பக்கத்தில் மூன்று மெஷினாக வைத்தால் 21.

ஸ்டேட்சார்ட்டில் இருக்கிற ஹிஸ்டரி வசதியில் கவனம் தேவை. 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்பது வால்வுக்கு அருமை: நான்காவது வால்வு, பாக்கி 17 நிமிடம் என்றால் கரண்ட் வந்ததும் அங்கிருந்தே தொடரலாம். அதே வசதியை மோட்டாருக்கும் வைத்தால், டெல்டாவில் ஓடும்போது போன கரண்ட் வந்ததும் நேராக டெல்டாவில் எழும்பும். நேரடி டெல்டா ஸ்டார்ட், முழு இழுப்பு. மோட்டார் எப்போதும் 'காத்திரு'விலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த 'பாக்கி நிமிடத்தை' எங்கே எழுதுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். இந்தச் சிப்பின் ஃபிளாஷுக்கு டேட்டாஷீட் தரும் உத்தரவாதம் 10,000 அழிப்பு. நிமிடத்துக்கு ஒரு தடவை அதே பக்கத்தை அழித்து எழுதினால் இடைவிடாத ஓட்டத்தில் ஏழு நாளில் அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும். வெளியே ஒரு எஃப்ராம் (கரண்ட் போனாலும் அழியாத, எளிதில் தேயாத மெமரி) சிப் போடுவது மேல்.

மூன்று மெஷினையும் எப்படி ஓட்டுவது? 10 மில்லிசெகண்டுக்கு ஒரு டிக். டிக் தொடங்கியதும் எல்லா இன்புட்டையும் ஒரே தடவை நகல் எடு. வால்வு, மோட்டார், மோடம் என்று நிலையான வரிசையில் ஒவ்வொன்றையும் ஒரு அடி நகர்த்து. கடைசியில் எல்லா அவுட்புட்டையும் ஒன்றாக எழுது. நடுவில் யாரும் பின்னைப் படிக்கவோ எழுதவோ கூடாது. ஒரு டிக்குக்குள் மேல் வரியில் 0 ஆக இருந்த ஃப்ளோட் சுவிட்ச் கீழ் வரியில் 1 ஆக மாறும் வேடிக்கை இதனால் ஒழியும். லஸ்ட்ர, எஸ்டெரெல் போன்ற சிங்க்ரோனஸ் மொழிகளின் அடிப்படை இதுதான். சி மொழியில் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் பெரும்பகுதி பலன் கிடைக்கும்.

ஒன்று மட்டும் சி காப்பாற்றாது. 'மோட்டார் நின்றால்தான் கடைசி வால்வு மூடு', 'எல்லா வால்வும் மூடினால் மோட்டாரை நிறுத்து'. இரண்டும் ஒரே டிக்கில் ஒன்றையொன்று கேட்டால் வட்டம். எஸ்டெரெல், லஸ்ட்ர கம்பைலர்கள் இந்த மாதிரி வட்டத்தைக் கண்டுபிடித்து மறுத்துவிடும். சி ஒன்றும் சொல்லாது, எந்த ஃபங்ஷனை முதலில் கூப்பிட்டீர்களோ அதன்படி ஒரு விடை தரும். ஆகவே ஒரு திசையை மட்டும் அந்த டிக்கிலேயே அனுமதியுங்கள்: வால்வு சொல்வது மோட்டாருக்கு உடனே தெரியும், மோட்டாரின் நிலை வால்வுக்கு அடுத்த டிக்கில்தான் தெரியும். 10 மில்லிசெகண்ட் தாமதத்தால் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது.

காவேரிப்பட்டணம்_போர்டு

ரொம்ப நன்றிங்க. ஹிஸ்டரி விஷயம் யோசிக்கவே இல்லை. மூன்று சந்தேகம்.

1600 ஹெர்ட்ஸ் நிலையாக வைத்தால் லைன் ஃப்ரீக்வென்சி 50க்குக் கொஞ்சம் கீழே போகும்போது கணக்கு பிசகாதா? ஜீரோ கிராஸிங்கைப் பிடித்து சைக்கிளை அளந்தால் சரியாக வருமே?

மோடத்தையும் டிக்குக்குள் வைத்தால் பதிலுக்குக் காத்திருப்பது எப்படி? கான் ப்ராசஸ் நெட்வொர்க்கில் ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை) வைத்துக் காத்திருப்பார்கள் என்று படித்தேன், அது பொருந்துமா?

ட்ரிப் ஆக அதிகபட்சம் எவ்வளவு நேரம் என்று எப்படிச் சொல்வது? 200 மில்லிசெகண்ட் என்று எழுதிவிடலாமா?

ஓசூர்_ஃபர்ம்வேர்

ஜீரோ கிராஸிங் வேண்டாம். அதைப் பிடித்தால் சைக்கிளுக்கு 31, 32, 33 என்று சாம்பிள் எண்ணிக்கை மாறும். டோக்கன் விகிதம் டேட்டாவைப் பொறுத்து மாறிய அந்தக் கணமே அது சிங்க்ரோனஸ் டேட்டாஃப்ளோ இல்லை. முன்கூட்டிப் போட்ட வரிசை, பஃபர் கணக்கு இரண்டும் செல்லாது. சத்தமுள்ள லைனில் போலி கிராஸிங் வந்து 9 சாம்பிளிலேயே 'சைக்கிள் முடிந்தது' என்று சொல்லும் நாளும் வரும். நிலையான 20 மில்லிசெகண்ட் ஜன்னலில், ஃப்ரீக்வென்சி 49.7 ஆனாலும் ஆர்எம்எஸ் பிழை சுமார் 0.3 சதவீதம்தான். மலிவான சிடியின் பிழையே அதைவிடப் பெரிது.

கான் நெட்வொர்க் (1974) அழகான மாடல், ஆனால் மோடத்துக்குப் பொருந்தாது. அதில் ஒரு ப்ராசஸ் காலியான ஃபிஃபோவைப் படித்தால் டேட்டா வரும்வரை நின்றே ஆக வேண்டும், 'காலியா?' என்று எட்டிப் பார்க்க அனுமதி இல்லை. எந்த வேகத்தில், எந்த வரிசையில் ஓட்டினாலும் ஒரே விடை வருவதற்குக் காரணமே அந்தத் தடைதான். ஆனால் மோடத்துக்கு டைம்அவுட் வேண்டும், டைம்அவுட் என்பதே எட்டிப் பார்ப்பது. அதைச் சேர்த்துவிட்டுக் கான் நெட்வொர்க் என்று பெயர் மட்டும் வைத்துக்கொள்வதில் பயன் இல்லை.

மோடம் நிகழ்வுகளால் ஓடும் ஸ்டேட் மெஷின். 'ஏடி கட்டளை அனுப்பினேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்' என்பது ஒரு நிலை. அதிலிருந்து வெளியே மூன்று அம்பு: சரி, பிழை, 6000 டிக் கடந்தது, அதாவது ஒரு நிமிடம். ஒவ்வொரு டிக்கிலும் அது செய்வது ரிங் பஃபரில் ஒரு வரி முழுதாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும். 115200 பாடில் 10 மில்லிசெகண்டுக்கு 115 பைட் வரும், 256 பைட் பஃபர் போதும். இன்டரப்ட் பைட்டைப் பஃபரில் போடுவதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டாம்.

பெரும்பாலான பிழை ஒட்டும் இடத்தில்தான் வரும். ஒவ்வொரு பகுதியையும் நல்ல மாடலில் எழுதிவிட்டு, இடையில் பழையபடி குளோபல் வேரியபிள் வைத்தால் எல்லாம் வீண். உங்களுக்கு இரண்டு ஒட்டு இருக்கிறது, இரண்டுக்கும் விதி வேறு.

அளவீட்டிலிருந்து மோட்டாருக்குப் போவது 'கடைசி மதிப்பு'. வரிசை வேண்டாம், பழசின் மேல் புதுசு எழுதினால் போதும், மோட்டாருக்கு இப்போதைய ஆம்பியர்தான் தேவை. ஆனால் மூன்று ஃபேஸும் பவரும் ஒரே சைக்கிளைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இந்தச் சிப்பில் 32 பிட் எண் ஒன்றை எழுதுவது பாதியில் உடையாது, ஸ்ட்ரக்ட் உடையும்: ஆர் ஃபேஸ் புதுசு, பி ஃபேஸ் பழசு என்று படித்து, இல்லாத ஏற்றத்தாழ்வுக்கு ட்ரிப் அடிக்கும். இரண்டு ஸ்ட்ரக்ட் வைத்து, நிரப்பி முடித்தபின் பாய்ண்டரை மட்டும் மாற்றுங்கள். டிக் தொடங்கும்போது அந்தப் பாய்ண்டர் வழியாக ஒரே தடவை நகல்.

மோட்டாரிலிருந்து மோடத்துக்குப் போவது 'நிகழ்வு'. இங்கே ஒன்றையும் தொலைக்கக் கூடாது, ஆகவே வரிசை, 8 இடம். 160 எழுத்து வாசகத்தை வரிசையில் போடாதீர்கள். குறியீடு, மதிப்பு, நேரம் சேர்ந்து 8 பைட். வாசகத்தை அனுப்பும்போது கட்டலாம். 1280 பைட் போக வேண்டிய இடத்தில் 64. வரிசை நிரம்பினால் என்ன என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்: ட்ரிப் செய்தி தங்கும், 'ஓடிக்கொண்டிருக்கிறது' வகைச் செய்தி விழும். மோட்டார் எந்தக் காலத்திலும் வரிசையில் இடம் கிடைக்கக் காத்திருக்கக் கூடாது. உங்கள் 40 வினாடிக் கோளாறு இதோடு தீரும்.

ட்ரிப் நேரம் 200 அல்ல. கோளாறு ஒரு ஜன்னல் தொடங்கிய மறுகணம் வந்தால் அந்த ஜன்னல் நல்லதும் கெட்டதும் கலந்து முடியும். முழுக்கக் கெட்ட மதிப்பு அடுத்த ஜன்னல் முடிவில்தான். 400, அதன்மேல் ஒரு டிக் 10, கான்டாக்டர் விழ 20, 30. ஓவர்லோடுக்கும் வறட்சிக்கும் இது தாராளம், நீங்களே 5 வினாடி பொறுக்கிறீர்கள். ஃபேஸ் போனதற்குச் சராசரியைக் கேட்க வேண்டாம். ஆர்எம்எஸ் பெட்டியிலிருந்தே இன்னொரு கிளை எடுத்து, அடுத்தடுத்து 3 சைக்கிள் கெட்டால் ட்ரிப். அதிகபட்சம் 80 மில்லிசெகண்டில் முடிவு வரும், கான்டாக்டர் நேரம் தனி.

மொரப்பூர்_நெட்

வால்வு மாற்றத்தை யாரும் தொடவில்லை. இதற்கு ஸ்டேட் மெஷினைவிடப் பெட்ரி நெட் (இடங்களுக்கு இடையே டோக்கனை நகர்த்தும் மாடல்) பொருத்தம், ஏனென்றால் கேள்வியே எண்ணிக்கையைப் பற்றியது: மோட்டார் ஓடும்போது குறைந்தது 1 வால்வு திறந்திருக்க வேண்டும், 20 விஏ ட்ரான்ஸ்ஃபார்மருக்கு 2க்கு மேல் தாங்காது.

இரண்டு இடம் வரையுங்கள். 'மின்திறன்' என்பதில் தொடக்கத்தில் 2 டோக்கன், 'திறந்தது' என்பதில் 0. 'திற' என்ற மாற்றம் மின்திறனில் ஒன்றை எடுத்துத் திறந்ததில் போடும். ஓட்டத்தின்போது 'மூடு' என்ற மாற்றத்துக்குத் திறந்ததில் 2 டோக்கன் இருந்தாக வேண்டும். இரண்டையும் எடுத்து ஒன்றை அங்கேயே திருப்பி வைக்கும், மற்றது மின்திறனுக்கு. கடைசி வால்வை மூட தனி மாற்றம், அது 'மோட்டார் நின்றது' என்ற டோக்கனையும் கேட்கும். மோட்டார் கிளம்பும்போது அந்த டோக்கனை எடுத்துவிடும், அதோடு திறந்ததில் ஒன்றாவது இருக்கிறதா என்றும் பார்க்கும்.

எந்த மாற்றம் எந்த வரிசையில் நடந்தாலும் மின்திறன், திறந்தது இரண்டின் கூட்டல் 2தான். ஆகவே மூன்றாவது வால்வு திறக்க வழியே இல்லை. மோட்டார் ஓடும்போது திறந்தது 0 ஆகவும் வழியில்லை. டெஸ்ட் எழுதாமலே இதைக் காட்டிவிடலாம்.

நடைமுறையில் இதன் பொருள்: புதியதைத் திற, சில வினாடி பொறு, பிறகு பழையதை மூடு. சொலினாய்டுக்குக் கரண்ட் கொடுத்த கணமே 2 இன்ச் டயஃப்ரம் வால்வு முழுசாகத் திறந்துவிடாது, ஆகவே 'திற' முடிந்தது என்று எண்ண 5 முதல் 10 வினாடி டைமர்.

அரூர்_ஆட்டோமேட்டா

ஆறு வால்வுக்குப் பெட்ரி நெட் எஞ்சின் எழுதுவது கொசுவுக்குப் பீரங்கி. மாடல் காகிதத்தில் சரி.

மொரப்பூர்_நெட்

எஞ்சின் வேண்டாம், அதைத்தான் நானும் சொல்கிறேன். கோடில் இரண்டு கவுன்டர், நான்கு நிபந்தனை. உங்கள் வால்வு மெஷினுக்குள்ளேயே உட்காரும். அதன் 7 நிலை 'எந்த வால்வின் முறை' என்பதைச் சொல்லட்டும், எத்தனை திறந்திருக்கிறது என்பதைக் கவுன்டர் சொல்லட்டும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. டோக்கன் என்பது நாம் கொடுத்த கட்டளை, குழாய்க்குள் நடந்தது அல்ல. காயில் அறுந்திருந்தால் 'திறந்தது' 1, வால்வோ மூடியே இருக்கும். அப்போது பம்ப் மூடிய குழாயை எதிர்த்துத் தள்ளும். தண்ணீர் நகராததால் பவர் விழும், ஓசூர்க்காரர் சொன்ன பவர் எல்லை அதை 'போர் வற்றியது' என்று படிக்கும். வறட்சி ஓய்வுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அதே மூடிய குழாயில் கிளம்பும். டெலிவரி பக்கம் ஒரு பிரஷர் சுவிட்ச் வையுங்கள்: பவர் குறைவு, அழுத்தம் குறைவு என்றால் போர் வற்றியது, பவர் குறைவு, அழுத்தம் அதிகம் என்றால் வால்வு. முதலாவது வறட்சி ஓய்வு, இரண்டாவது ட்ரிப். ட்ரிப்பிலிருந்து தானாக எழக் கூடாது, ஆள் வந்து பார்த்துத்தான் விடுவிக்க வேண்டும்.

காவேரிப்பட்டணம்_போர்டு

பிரஷர் சுவிட்சுக்கு ஒரு இன்புட் காலியாக இருக்கிறது, போட்டுவிடலாம். கடைசியாக ஒன்று: தோப்புக்குக் கொண்டுபோகும் முன் இதை மேசையிலேயே எப்படிச் சோதிப்பது? வாட்ச்டாக்கை (குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) எங்கே தட்டுவது?

அரூர்_ஆட்டோமேட்டா

டிக் ஃபங்ஷன் பின்னையோ டைமரையோ தொடாது: இன்புட் ஸ்ட்ரக்ட் உள்ளே, அவுட்புட் ஸ்ட்ரக்ட் வெளியே. அதனால் அதே சி ஃபைலை அப்படியே லேப்டாப்பில் கம்பைல் செய்யலாம். ரேண்டம் இன்புட் கொடுத்து 10 லட்சம் டிக் ஓட்டுங்கள். அது தோப்பில் 2 மணி 47 நிமிடத்துக்குச் சமம், லேப்டாப்பில் கண்ணிமைக்கும் நேரம். ஒவ்வொரு டிக்குக்கும் சோதனை: ஸ்டாரும் டெல்டாவும் சேர்ந்து 1 இல்லை, மெயின் 1 என்றால் திறந்தது குறைந்தது 1, கரண்ட் இல்லாத டிக்கில் எல்லா ரிலேயும் 0. முழுக்க ரேண்டமாகக் கொடுத்தால் கரண்ட் அடிக்கடி போய் மோட்டார் டெல்டாவை எட்டவே எட்டாது. பெரும்பாலான நேரம் கரண்ட் இருக்கும்படி சாய்த்து வையுங்கள், 'காத்திரு' நேரத்தைச் சோதனைக்கு மட்டும் 1 வினாடியாக்குங்கள். கரண்ட் வெட்டை 'இடைவெளி' நிலையின் ஒவ்வொரு டிக்கிலும் ஒரு தடவையாவது விழச் செய்யுங்கள். உங்கள் பழைய கோளாறு ஒளிந்திருந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

போர்டில் ஒரே அளவு: டிக் தொடங்கும்போது ஒரு காலிப் பின்னை ஏற்றி, முடியும்போது இறக்கி, ஸ்கோப்பில் அகலம் பாருங்கள். மோடம் பதில், வால்வு மாற்றம், ட்ரிப் மூன்றும் ஒன்றாக வரும்போதும் 10 மில்லிசெகண்டில் பாதியைத் தாண்டக் கூடாது. பின் இல்லையென்றால் உள்ளே இருக்கும் சைக்கிள் கவுன்டர் போதும்; 72 மெகாஹெர்ட்ஸில் அது 59.65 வினாடிக்கு ஒருமுறை சுற்றிவிடும், கழித்தலை 32 பிட் அன்சைன்டில் வைத்தால் கவலையில்லை.

வாட்ச்டாக்கை டைமர் இன்டரப்டில் தட்டாதீர்கள். மெயின் லூப் செத்தாலும் இன்டரப்ட் உயிரோடு தட்டிக்கொண்டே இருக்கும். டிக் முடிவில், கடந்த 100 மில்லிசெகண்டுக்குள் புது ஆர்எம்எஸ் வந்திருந்தால் மட்டும் தட்டுங்கள். மோடம் தொங்கினால் அதற்கு வாட்ச்டாக் வேண்டாம், மோடத்தின் பவரை மட்டும் வெட்டி விடுங்கள். இந்தச் சிப்பின் தனி வாட்ச்டாக் கிளாக் 40 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும், டேட்டாஷீட்டில் 30 முதல் 60 வரை. 300 மில்லிசெகண்ட் என்று வைத்தது 200லும் அடிக்கும், 400லும் அடிக்கும்.

பாலக்கோடு_ரிலே

ரீசெட் ஆகுற அந்த நேரத்துல பின் எல்லாம் மிதக்கும், ரிலே ட்ரைவர் இன்புட்டுக்கு 10 கே புல்டவுன் போட்டுருங்க. இல்லன்னா வாட்ச்டாக் அடிக்கிறப்ப எல்லாம் கான்டாக்டர் துடிக்கும்.

பேனல்ல பைபாஸ் சுவிட்ச் கேப்பாங்க, வெச்சுத்தான் ஆகணும். போர்டு படுத்தா மாமரம் காத்திருக்காது. ஆனா பைபாஸ் போர்டோட ரிலேயை மட்டும்தான் தாண்டணும். ஓவர்லோடு ரிலேயும் என்சி இன்டர்லாக்கும் பைபாஸ்லயும் லைன்ல இருக்கணும். பைபாஸ்ல ஸ்டார்-டெல்டா மாத்த தனி டைமர் ரிலே வேணும், அதையும் இப்பவே பேனல் டிராயிங்ல சேத்துருங்க. பைபாஸ்ல இருக்குங்கிறதுக்கு ஒரு கான்டாக்டை போர்டுக்குக் குடுத்துருங்க. இல்லன்னா 'நான் விடலை, ஆனா ஆம்பியர் வருது'ன்னு போர்டு அலாரம் மெசேஜா அனுப்பி அந்த 8 இடத்தையும் ரொப்பிடும்.